‘கொன்னுடுவேன்’ பிரிவின் அதிகாரி

கொலை மிரட்டல் விடுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைப் படித்துத் தரம் பிரிப்பதைத் தொழிலாகக் கொண்டு, மாதச் சம்பளமும், கழுத்தில் தொங்கும் அட்டையும், ஒன்பதாம் மாடியில் ஜன்னலோர நாற்காலியும் பெற்றவர்கள் குறைவு. அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கை இது. அலுவலகத்தில் அவரைப் பச்சை என்று அழைத்தார்கள்.

காரணப் பெயர்தான். உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் வாய்க்கு வந்ததை எழுதித் தள்ளும் ஒரு பெரிய செயலி. அதில் தமிழில் வரும் வசவுகளையும் மிரட்டல்களையும் பிரித்துக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் வேலை. திரையில் ஒரு வாக்கியம் வரும். கீழே மூன்று பொத்தான்கள். சிவப்பு என்றால் ஆபத்து, ஆளை முடக்கு. மஞ்சள் என்றால் தெரியவில்லை, மேலே அனுப்பு. பச்சை என்றால் சும்மா பேச்சு, விடு. இவர்கள் அழுத்துவதைப் பார்த்துப் பார்த்து ஓர் இயந்திரம் கற்றுக்கொள்ளும். அது முழுதாகக் கற்றுக்கொண்டதும் இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது நிர்வாகத்தின் அன்பான திட்டம். நம்மவர் எப்போதும் பச்சையைத்தான் அழுத்துவார். பச்சை பச்சையான பேச்சுக்கெல்லாம் பச்சை விளக்கு காட்டியதால் பெயர் இரண்டு வழியிலும் பொருந்தியது.

இதற்கான படிப்பை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. அக்காவிடம் படித்தார்.

அக்கா தையல்காரர். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. தம்பியின் முதுகில் மர ஸ்கேல் விழுந்தது. காலையில் எழுந்ததும், “பல்லு தேச்சியாடா? இல்ல, தட்டிக் கையில குடுக்கட்டுமா?” என்பார். மாலையில், “புக்கை எடுக்கறியா, தோலை உரிச்சுத் தலையணை உறை தைக்கட்டுமா?” என்பார். காய்ச்சல் வந்து அனத்திக் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டபடி, “நாளைக்கும் ஜுரம் அடிச்சுது, உன்னைக் கொன்னுடுவேன்” என்றார். அடுத்த நாளும் அடித்தது. கொல்லவில்லை. இவ்வாறாக, மிரட்டலுக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தை நம்மவர் உடம்பில் வாங்கித் தெரிந்துகொண்டார்.

நேர்முகத் தேர்வில் அவரிடம் ஒரு வாக்கியத்தைக் காட்டினார்கள்: ‘வீட்டுக்கு வா, காலை ஒடிச்சு அடுப்புல வைக்கறேன்.’

“இது என்ன?” என்றார் குழுத் தலைவி.

“அம்மா எழுதினதுங்க. பையன் சாப்பிடாம சுத்திட்டு இருக்கான்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“கொலைகாரன் அடுப்பு வரைக்கும் யோசிக்க மாட்டாங்க.”

அன்றே வேலை கிடைத்தது. அலுவலகம் அப்போது பெரிய நெருக்கடியில் இருந்தது. வெளிநாட்டில் பழக்கிய இயந்திரத்தை அப்படியே தமிழுக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். அது கண்ணில் பட்ட தாய்மார்களையெல்லாம் கொலைகாரிகள் என்று முடக்கிவிட்டது. அத்தைகளும் சித்திகளும் கூண்டோடு மாட்டினார்கள். கல்லூரி நண்பர்கள் குழு ஒன்றில் ‘செத்தடா நீ’ என்று பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன அத்தனை பேரும் ஒரே மதியத்தில் காணாமல் போனார்கள். தலைமையகத்திலிருந்து ஓர் அம்மையார் காணொளியில் வந்து, உங்கள் மொழியில் அன்பைச் சொல்ல வேறு வழியே கிடையாதா என்று கலங்கிய குரலில் கேட்டார். குழுத் தலைவி வெகுநேரம் யோசித்து, ‘சாப்டியா’ என்று இன்னொன்று இருக்கிறது என்றார்.

தாய்க்குலத்தைக் காப்பாற்ற நம்மவர் ஒரு விதி எழுதினார். மிரட்டல் என்றால் மூன்று வேண்டும்: ஆள், உறுப்பு, நேரம். யாரை, எதை, எப்போது என்று மூன்றும் இருந்தால் சிவப்பு. ஒன்று குறைந்தாலும் பச்சை. ‘என்னைக்காவது ஒருநாள் உன்னைக் கொன்னுட்டு நான் ஜெயிலுக்குப் போறேன்’ என்பதில் ஆள் உண்டு. உறுப்பு இல்லை. நேரமோ, சுத்தமாக இல்லை. தாய்மார்கள் எல்லாரும் பிழைத்தார்கள். விதிக்கு ஒரு வாலையும் அவரே ஒட்டினார்: ‘நீங்க, வாங்க, போங்க’ என்று மரியாதை இருந்தால் மேற்கொண்டு படிக்காதே, பச்சை. இதனால் வேலை குதிரை வேகத்தில் நடந்தது. கண்ணாடியில் ஒரு விருதுக் கோப்பை கொடுத்தார்கள். ‘கொன்னுடுவேன்’ பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி அவரையே அதற்கு அதிகாரியாகவும் போட்டார்கள்.

ஒரே ஒருவருக்குத்தான் அந்த வால் பிடிக்கவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண்மணி. எதைப் பார்த்தாலும் மஞ்சளை அழுத்துவதால் அவர் பெயர் மஞ்சள்.

“பச்சை, மரியாதையா பேசறவன்தான் பயங்கரமானவன். எங்க வீட்டுக்காரர் ‘நீங்க’ன்னு ஆரம்பிச்சார்னா நான் முதல்ல கண்ணாடிச் சாமானை எல்லாம் மேல் அலமாரிக்கு மாத்திடுவேன்.”

“அது உங்க வீடு. விதின்னா ஊருக்குப் பொதுவா இருக்கணும்.”

“எல்லா ஊர்லயும் வீடுதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு மஞ்சள் வழக்கம்போல மஞ்சளை அழுத்தினார்.

நம்மவருக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருந்தது. பேருந்தில் நடத்துனர் திட்டினாலும் மனதுக்குள் ஆள், உறுப்பு, நேரம் என்று சரிபார்ப்பார். உலகத்தில் ஆபத்தே இல்லை என்று அவருக்குப் பட ஆரம்பித்தது. இப்படிப் படுவது நிபுணர்களுக்கு வரும் வியாதி.

அக்காவின் வீட்டுக்காரர் செல்போன் பழுது பார்ப்பவர். நாற்காலி நகரும் சத்தத்துக்கே மன்னிப்புக் கேட்கக்கூடிய மனிதர். சின்னக் கடை. முன்பாதியில் கண்ணாடி மேசையும் பூதக்கண்ணாடியும் அவருடையவை. திரைக்குப் பின்னால் தையல் இயந்திரம் அக்காவுடையது. ஸ்க்ரூ டிரைவர் வைக்க வசதியாக, இரண்டு பக்கமும் நீளப் பை வைத்த சட்டைகளை அக்காவே தைத்துக் கொடுப்பார்.

ஒருநாள் தண்ணீரில் விழுந்த போன் ஒன்று கடைக்கு வந்தது. அதன் உரிமையாளர் இடி என்ற பெயரில் குட்டி வீடியோக்கள் போடுகிற பிரபலம். டியூப்லைட்டை மண்டையில் உடைப்பார். செங்கல்லை முழங்கையால் பிளப்பார். தென்னை மட்டையைப் பல்லால் கிழிப்பார். லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்து நெருப்புப் படம் அனுப்புவார்கள். மாமா பாடுபட்டுப் போனுக்கு உயிர் கொடுத்தார். உயிர் வந்தது, உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது. போனவற்றில், வெளியிடாத வீடியோ ஒன்று இருந்தது. ஓட்டு வீட்டுக் கூரைக்கான ஓடுகளை அடுக்கி வைத்து, மொத்த அடுக்கையும் இடி தன் நெற்றியால் உடைத்த காட்சி. மறுபடி எடுக்கலாம் என்றால், நெற்றியில் தையல் போட்டிருந்தது. கலைஞனின் துயரம் நமக்குப் புரிகிறது.

முதலில் இடி எழுதியதெல்லாம் நீ, வா, போ, குடல், ஈரல் என்று இருந்தது. மாமா பயந்து கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். பிறகு ஒருநாள் தொனி மாறியது. நம்மவர் விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது மாமா போனை நீட்டினார்.

“மாப்ள, இதைக் கொஞ்சம் பாரேன். இதுதான உன் வேலை.”

திரையில் இருந்தது: ‘வணக்கம் அண்ணே. நடந்தது நடந்து போச்சு. நீங்க நல்லா இருக்கணும். கடையைத் திறங்க. ஒருநாள் வந்து உங்களைக் கவனிச்சுட்டுப் போறேன்.’

நம்மவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆள் இருந்தது. உறுப்பு இல்லை. நேரம் இல்லை. வால் வேறு நீளமாக இருந்தது: அண்ணே, நீங்க, உங்களை.

“பச்சை, மாமா. கிளிப் பச்சை. தாராளமா கடையைத் திறங்க.”

அக்கா ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே நிமிர்ந்தார். “டேய், ‘கவனிச்சுட்டுப் போறேன்’ங்கறானேடா. எனக்கென்னவோ சரியாப் படல.”

“அக்கா, நீ துணியைப் பாரு. சொல்லைப் பாக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க.”

“நீ பெரிய ஜட்ஜு. இவருக்கு ஏதாவது ஆச்சு, உன்னைக் கொன்னுடுவேன்.”

நம்மவர் சிரித்தார். உறுப்பு இல்லை, நேரம் இல்லை, பச்சை.

மாமா கடையைத் திறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நம்மவர் ஒன்பதாம் மாடியில், தன் நாற்காலியில், அலுவலகத்துத் தேநீரோடு பார்த்தார். பரவலாகப் பகிரப்படும் ஒரு வீடியோ, அதிலுள்ள பேச்சைச் சரிபார்ப்பதற்காக அவர் திரைக்கு வந்தது. படத்தை மதிப்பிடுவது வேறு நாட்டில் வேறு ஆட்கள். இவருக்குப் பேச்சு மட்டும்தான். இயந்திரம் ஏற்கெனவே கேட்டுவிட்டுத் தன் கருத்தைப் பக்கத்தில் எழுதியிருந்தது: ‘மரியாதையான உரையாடல். பரிந்துரை: பச்சை.’ அவரிடம் படித்த பிள்ளை ஆயிற்றே.

வீடியோவில், நெற்றியில் கட்டுப் போட்ட ஒருவர், கையில் ஹெல்மெட்டோடு ஒரு கடைக்குள் நுழைந்தார். பின்னால் ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார்.

“வணக்கம்ணே, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டபடி, மேசைக்குப் பின்னால் இருந்தவரின் தலைமுடியைப் பற்றி, கண்ணாடி மேசையில் இறக்கினார். மேசை நொறுங்கியது. “அடடா, பாத்துண்ணே, கண்ணாடி குத்திடப் போகுது” என்று அக்கறையாகத் தூக்கி நிறுத்தினார். “கொஞ்சம் நிமிருங்க, முகம் தெரியல” என்றார். நிமிர்ந்த முகத்தில் ஹெல்மெட் விழுந்தது. “சிரமம் பாக்காதீங்க, இன்னொரு தடவை.” விழுந்தது. தாடை ஒரு பக்கமாகப் போயிற்று. கீழே விழுந்தவரின் விலாவில் உதைப்பதற்கு முன், “கைய எடுத்துக்கங்கண்ணே, அடி பட்டுடும்” என்றார். அந்த உதையை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, அதற்குத் துள்ளலான இசையும் போட்டிருந்தார்கள். கீழே கருத்துகள் கொட்டின. ‘இதான் தல மரியாதை.’ ‘பெரியவங்கள மதிக்கத் தெரிஞ்ச மனுஷன்.’ நெருப்பு, நெருப்பு, கைகூப்பல்.

சுருண்டு கிடந்தவரின் சட்டையில் இரண்டு பக்கமும் நீளப் பை இருந்தது. அதிலிருந்து ஸ்க்ரூ டிரைவர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன.

நம்மவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை விழுந்தது. சிவப்பைக் குத்தினார். மறுபடி குத்தினார். பொத்தான் உடைகிற மாதிரிக் குத்தினார். குழுத் தலைவி ஓடி வந்தார்.

“சொந்தக்காரங்க வீடியோன்னா நீங்க தொடக் கூடாதுங்க, அது விதி. மஞ்சளுக்கு அனுப்புங்க. மனசு சரியில்லன்னா கீழ ஆலோசகர் இருக்காங்க, டோக்கன் எடுத்துக்கங்க.”

மஞ்சளுக்குப் போயிற்று. மஞ்சள் வாழ்க்கையில் முதல் முறையாகச் சிவப்பை அழுத்தினார்.

மருத்துவமனையில் மாமாவின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். முகம் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தார். நம்மவர் வழி நெடுக அடி வாங்கத் தயாராகி வந்திருந்தார். கன்னத்தைக் காட்டுவதா, முதுகைக் காட்டுவதா என்றுகூட யோசித்து வைத்திருந்தார். வாசலில் நின்று, “அக்கா” என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

“வாங்க தம்பி. உக்காருங்க.”

நம்மவரின் முதுகுத்தண்டில் ஐஸ் வழிந்தது. ஹெல்மெட் விழுந்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது.

“அக்கா, என்னை அடிச்சுடு.”

“நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். வேலை இருக்கும், கிளம்புங்க.”

அதன்பின் அக்காவின் பேச்சு முழுவதும் அப்படியே ஆகிவிட்டது. போன் செய்தால், “சொல்லுங்க.” வீட்டுக்குப் போனால், “தண்ணி குடிக்கறீங்களா?” தட்டில் சோறு வைத்து, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க” என்று உபசரித்தார். நம்மவர் அவரைக் கோபப்படுத்த என்னென்னவோ செய்து பார்த்தார். துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டினார். சின்ன வயதில் இதற்காகவே விரலை நறுக்குவதாக மிரட்டப்பட்டவர் அவர். அக்கா பார்த்துவிட்டு, “பரவாயில்லங்க, வேற வச்சுக்கறேன்” என்றார். நம்மவர் அந்தக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அழுதார்.

அலுவலகத்தில் அவர் விதியின் வாலை வெட்டச் சொல்லி மனுக் கொடுத்தார். இயந்திரம் அந்த வாலை நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டது, இனி மறக்க வைப்பது கஷ்டம் என்று பதில் வந்தது. அக்கா அனுப்பிய ‘சாப்டீங்களா தம்பி’ என்ற செய்தியை அதே இயந்திரத்திடம் காட்டினார். ‘அன்பானது. பச்சை’ என்றது. அவர் திரையைப் பார்த்து, “உன்னைக் கொன்னுடுவேன்” என்றார். உறுப்பு இல்லை, நேரம் இல்லை. இயந்திரம் அதையும் பச்சை என்றது.

இடி சிறைக்குப் போனார், ஜாமீனில் வந்தார். இரண்டையும் வீடியோ எடுத்தார். ரசிகர்கள் பெருகினார்கள். மேசை மாற்றிய கடையில் இப்போது அக்கா மட்டும் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் மாமாவிடமிருந்து செய்தி வந்தது. தாடைக் கம்பியோடு அவர் எழுத்தில்தான் பேசினார். ‘மாப்ள, அந்த ஆளு உங்க அக்காவுக்கும் எழுதிருக்கான். நல்லா இருங்கக்கா, இன்னைக்குக் கடைக்கு வந்து பாக்கறேன்னு. அவ உங்கிட்ட சொல்ல மாட்டா. நீ நிபுணர்னு கேக்கல. தம்பின்னு கேக்கறேன்.’

நம்மவர் கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் போட்டார். மஞ்சள் கேட்டார், “எங்க?”

“மஞ்சள், இது சிவப்பு.”

கடை வாசலில் அவர் போய் நின்றபோது, அக்கா திரைக்குப் பின்னால் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். தம்பி வந்ததைப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் இடி வந்தார். நெற்றிக் கட்டை அவிழ்த்திருந்தார். இன்னும் ஆறாத தையல் பூரான் மாதிரித் தெரிந்தது. பின்னால் அதே வீடியோக்காரர்.

“கொஞ்சம் நகருங்கண்ணே” என்றார் இடி.

நம்மவர் வாழ்க்கையில் ஒரு கொசுவைக்கூடச் சரியாக அடித்ததில்லை. வாய் மட்டும் பழக்கப்படி பேசியது.

“நீங்க உள்ள போக முடியாதுங்க. மரியாதையா சொல்றேன், திரும்பிப் போயிடுங்க.”

அதைக் கேட்டதும் இடி ஓர் அடி பின்வாங்கினார். அந்தத் தொழிலில் இருப்பவர், அந்த மொழி அவருக்குப் புரியும். ஆனால் மறுகணமே நம்மவரின் புஜத்தை ஒரு தடவை பார்த்தார், விஷயம் தெளிந்தது. தலையைப் பின்னுக்கு இழுத்து முகத்தில் முட்டினார். நம்மவரின் மூக்கு, காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தத்தோடு ஒடிந்தது. ரத்தம் வாயில் இறங்கியது. விழுந்தார், எழுந்தார், வாசலை மறித்தார். வயிற்றில் ஒரு குத்து. விழுந்தார். எழ முடியாததால் இடியின் கணுக்காலைக் கட்டிப்பிடித்து, கிடைத்த இடத்தில் கடித்தார். பல் எலும்பு வரைக்கும் போயிற்று. இடி அலறினார். அந்த அலறலில் மரியாதை எதுவும் இல்லை.

தையல் இயந்திரம் நின்றது. திரை விலகியது.

அக்கா எதையும் கேட்கவில்லை. மர ஸ்கேலைத் தலைகீழாகப் பிடித்து, இரும்புப் பட்டை வைத்த ஓரத்தால் இடியின் நெற்றியில் ஒன்று வைத்தார். துணி வெட்டுகிற கை, குறி தப்பாது. பூரான் தையல் நெடுகப் பிரிந்தது. ரத்தம் இரண்டு கண்ணிலும் இறங்க, ஓடு உடைத்த மாவீரர் சுவரைத் தடவினார். இரண்டாவது அடியில் காது பிளந்தது. மூன்றாவது முட்டிக்கு. வீடியோக்காரர் போனைப் போட்டுவிட்டு ஓடினார். இடி கடிபட்ட காலை இழுத்துக்கொண்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார். கீழே கிடந்த போன் வானத்தை மட்டும் படம்பிடித்துக்கொண்டிருந்தது.

அக்கா மூச்சு வாங்க நின்றார். கீழே பார்த்தார். தம்பி மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பி, சட்டை முழுக்க ரத்தமாகக் கிடந்தார். ஸ்கேல் மறுபடி உயர்ந்தது, தம்பியின் தோளில் இறங்கியது.

“எருமை மாடே! யாருடா உன்னை இங்க வரச் சொன்னது? பெரிய வீரன்! மூஞ்சியைப் பாரு! அந்த மூக்கை அறுத்துக் காக்காய்க்குப் போட்டுட்டு, இன்னைக்கே, இந்த நிமிஷமே உன்னைக் கொன்னுடுவேன்டா!”

அடுத்த அடி முதுகில் விழுந்தது. ஆள் இருந்தது. உறுப்பு இருந்தது. நேரமும் இருந்தது. மரியாதை மருந்துக்கும் இல்லை. அவரே எழுதிய விதிப்படி, எந்த இயந்திரமும் தயங்காமல் சொல்லும்: சுத்தமான சிவப்பு.

நம்மவர் ரத்தப் பல்லோடு சிரித்தார்.

“என்னடா இளிக்கற?”

“ஒண்ணுமில்லக்கா. இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னார். அடியும் சேர்த்து.